ஒரே வீட்டில் இரண்டு வருஷம்: திருத்தணி பென்ஷன்காரனின் பங்குனிக் கணக்கு

இதை எழுதுகிற ஏப்ரல் முதல் வாரத்தில் எங்கள் வீட்டில் இரண்டு வருஷம் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டம்மாவுக்கு மார்ச் 19-ஆம் தேதியே பராபவ வருஷம் பிறந்துவிட்டது. எனக்கு இன்னும் விசுவாவசுதான். பராபவ வருவதற்கு ஏப்ரல் 14 வரை நான் காத்திருக்கணும். ஒரே அடுப்பு, ஒரே ரேஷன் கார்டு, ஆனால் நடுவில் 26 நாள் அவள் எனக்கு ஒரு வருஷம் முன்னால் போய்க்கொண்டிருக்கிறாள்.

காரணம் ரொம்ப சாதாரணம். அவள் நகரிக்காரி, பிறந்த வீட்டில் தெலுங்கு. நான் திருத்தணி. இரண்டு ஊருக்கும் நடுவில் பஸ்ஸில் அரை மணி நேரமும் ஒரு மாநில எல்லையும் இருக்கின்றன. அவளுக்கு உகாதி, எனக்குச் சித்திரை ஒண்ணு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதை நான் ஒருநாளும் யோசித்ததில்லை. யோசிக்க நேரமில்லை என்பதுதான் உண்மை. எனக்கு அந்த நாட்களில் வேறொரு வருஷம் முடிந்துகொண்டிருக்கும்.

36 வருஷம் கருவூலத்தில் வேலை. கருவூலக்காரனுக்கு மார்ச் மாதம் என்றால் என்ன என்று கருவூலக்காரனுக்கும் அவன் வீட்டுக்காரிக்கும்தான் தெரியும். பதினொரு மாதம் தூங்கின பில் எல்லாம் கடைசி வாரத்தில் எழுந்து வரும். ஒதுக்கின பணத்தை மார்ச் 31-க்குள் செலவு காட்டாவிட்டால் அது போய்விடும். அதனால் எல்லா டிபார்ட்மென்ட் ஆட்களும் எங்கள் ஜன்னலில்தான் நிற்பார்கள். நான் ஓய்வு பெற்றதும் ஒரு மார்ச் 31-தான், 2024-ல். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அரசுக் கணக்கு பார்க்கிற வங்கிக் கிளைகளை ஞாயிறானாலும் திறந்து வையுங்கள் என்று ரிசர்வ் வங்கியே சொல்லியிருந்த வருஷம் அது. வெள்ளிக்கிழமை புனித வெள்ளி விடுமுறை என்பதால் மாலை, பொன்னாடை எல்லாம் வியாழக்கிழமையே முடிந்துபோயிற்று.

இங்கே ஒரு சின்ன விஷயம். அரசு ஊழியர் தன் பிறந்தநாளில் ஓய்வு பெறுவதில்லை. பிறந்த மாதத்தின் கடைசி நாள் பிற்பகல்தான் கணக்கு. ஒண்ணாம் தேதி பிறந்தவருக்கு மட்டும் அதற்கு முந்தின மாதக் கடைசி. மே 31-ஆம் தேதி ஆபீஸ் ஆபீஸாகப் பிரிவுபசார விழா நடப்பதற்குக் காரணம், பழைய காலத்தில் பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் கணக்குப் பார்த்துப் போட்ட பிறந்த தேதிகள். தமிழ்நாட்டில் ஓய்வு வயது 58 ஆக இருந்தது. 2020 மே மாதம் 59, 2021 பிப்ரவரியில் 60 என்று உயர்த்தினார்கள். அதில் எனக்கு இரண்டு வருஷம் கூடுதலாகக் கிடைத்தது. வீட்டம்மாவுக்கும் இரண்டு வருஷம் நிம்மதி.

ஓய்வு பெற்ற முதல் ஏப்ரலில் நான் செய்ததெல்லாம் இப்போது எங்கள் தெருவில் கதை. காலை நாலு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்வேன். பேப்பர் வருவதற்கு முன்னாலேயே பேப்பர்காரருக்காக வாசலில் நிற்பேன். பத்து மணி ஆனால் கால் தானாகச் செருப்பைத் தேடும். மளிகை சாமான்களுக்கு ஒரு ஸ்டாக் ரிஜிஸ்டர் போட்டேன்: முன்னிருப்பு, வரவு, செலவு, மீதி. துவரம்பருப்பு 200 கிராம் குறைகிறதே என்று கேட்ட அன்றைக்கு அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"ஏவண்டி, ஆபீஸ்ல உங்களைத் திரும்பக் கூப்பிட மாட்டாங்களா?"

"அதெல்லாம் விதியில இடமில்லை."

"சரி, எனக்கு எப்போ ரிட்டையர்மென்ட்? அதுக்கு ஏதாவது விதி இருக்கா?"

அதற்கு நான் பதில் சொல்லவில்லை. அடுத்த நாளிலிருந்து எனக்கு மொட்டை மாடி ஒதுக்கப்பட்டது. அங்கேதான் இந்த ஆராய்ச்சி ஆரம்பித்தது: நம் ஊரில் வருஷம் என்றைக்குத்தான் பிறக்கிறது? எத்தனை தடவை பிறக்கிறது?

முதலில் உகாதி. அது ஏன் ஒவ்வொரு வருஷமும் ஓடிக்கொண்டே இருக்கிறது? கடந்த சில வருஷங்களை வரிசையாகப் பாருங்க. 2021-ல் ஏப்ரல் 13. 2022-ல் ஏப்ரல் 2. 2023-ல் மார்ச் 22. ஒவ்வொரு தடவையும் 11 நாள் முன்னால் வருகிறது. இதே வேகத்தில் போனால் 2024-ல் மார்ச் 11-க்கு வந்திருக்கணும். ஆனால் வந்தது ஏப்ரல் 9. பிறகு மறுபடி 2025-ல் மார்ச் 30, இந்த வருஷம் மார்ச் 19.

உகாதி நிலாக் கணக்கு. ஒரு அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்கு சராசரி 29.53 நாள். பன்னிரண்டு அமாவாசை சேர்ந்தால் 354 நாளும் கொஞ்சமும். சூரியன் பன்னிரண்டு ராசியையும் சுற்றி வர 365 நாளும் கொஞ்சமும். வருஷத்துக்குப் பதினொரு நாள் பற்றாக்குறை. இதை அப்படியே விட்டுவிட்டால் பண்டிகை எல்லாம் பருவம் பருவமாக நகர்ந்துபோகும். ஹிஜ்ரி ஆண்டில் ரம்ஜான் அப்படித்தான் நகர்கிறது, அங்கே சரிக்கட்டுவதில்லை. தெலுங்குக் கணக்கில் சரிக்கட்டுகிறார்கள். எங்கள் பாஷையில் சொன்னால் அட்ஜஸ்ட்மென்ட் என்ட்ரி. அதற்குப் பெயர் அதிக மாசம்.

எப்போது போடுவது என்பதற்கு அழகான ஒரு விதி இருக்கிறது, யாரும் கூடி முடிவு செய்ய வேண்டியதே இல்லை. சூரியன் ஒரு ராசியில் சராசரியாக முப்பது நாளுக்குச் சற்று மேல் இருக்கும். நிலா மாதம் அதைவிடச் சின்னது. அதனால் எப்போதாவது ஒரு தடவை, சூரியன் ஒரே ராசியில் இருக்கும்போதே இரண்டு அமாவாசை வந்துவிடும். நடுவில் மாட்டின அந்த நிலா மாதத்துக்குள் சூரியன் ராசி மாறவே இல்லை. சங்கராந்தி இல்லாத அந்த மாதம்தான் அதிகம். 2023 ஜூலை, ஆகஸ்டில் அப்படி ஒரு அதிக சிராவணம் வந்தது. அதனால்தான் 2024 உகாதி மார்ச்சிலிருந்து ஏப்ரலுக்குத் தாவியது. ஏறக்குறைய இரண்டே முக்கால் வருஷத்துக்கு ஒன்று, 19 வருஷத்துக்கு 7. இந்த வருஷமும் மே 17 முதல் அதிக ஜேஷ்டம். ஆகவே 2027 உகாதி ஏப்ரல் 7.

இந்த அதிக மாசம் பெரும்பாலும் வெயில் காலத்தை ஒட்டியே வருவதற்கும் காரணம் உண்டு. பூமி ஜூலை ஆரம்பத்தில் சூரியனிலிருந்து தூரத்தில் இருக்கும், அப்போது அதன் நடை மெதுவாக இருக்கும். நம்ம தமிழ்க் காலண்டரில் ஆனி மாதம் சில வருஷம் 32 நாள் வருவதும், மார்கழி 29 நாளில் முடிந்துபோவதும் இதனால்தான். ராசியில் சூரியன் அதிக நாள் தங்கும்போதுதானே அதற்குள் இரண்டு அமாவாசை அடங்க முடியும்?

உகாதி அன்றைக்குப் பஞ்சாங்கம் படிக்கிற வழக்கம் தெலுங்கு வீடுகளில் உண்டு. அதில் எனக்குப் பிடித்த பகுதி ஒன்று: ஆதாயம், விரயம். ஒவ்வொரு ராசிக்கும் இந்த வருஷம் வரவு இத்தனை, செலவு இத்தனை என்று எண்ணால் போட்டுவிடுவார்கள். 36 வருஷம் வரவு செலவு பார்த்தவனுக்கு இதைவிடப் பெரிய பொழுதுபோக்கு ஏது? உட்கார்ந்து அட்டவணையை ஆடிட் பண்ணினதில் தெரிந்தது என்னவென்றால், மேஷத்துக்கும் விருச்சிகத்துக்கும் ஒரே எண்தான். ரிஷபமும் துலாமும் ஒன்று. மகரமும் கும்பமும் ஒன்று. ராசி பன்னிரண்டு என்றாலும் அதிபதி கிரகம் ஏழுதான். சூரியனுக்கும் சந்திரனுக்கும் ஒவ்வொரு ராசி, மற்ற ஐந்துக்கும் இரண்டிரண்டு. ஆகப் பன்னிரண்டு கணக்குத் தலைப்பு, ஏழே ஒதுக்கீடு. இதைக் கண்டுபிடித்ததாகச் சொன்னபோது வீட்டம்மா, "எங்க ஊர்ல சின்னப் பசங்களுக்கே தெரியுமே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்தது வேப்பம்பூ. உகாதிப் பச்சடிக்கும் வேப்பம்பூ வேணும், சித்திரை முதல்நாள் மாங்காய்ப் பச்சடிக்கும் வேணும். சேகரிக்கிற வேலை என்னுடையது. வேம்பு மாசியில் இலையைக் கொட்டும், பங்குனியில் தளிரும் பூவுமாக நிற்கும். சாயங்காலம் மரத்தடியில் ஒரு பழைய வேட்டியை விரித்து நாலு மூலையிலும் கல் வைத்துவிட்டு வரணும். விடியற்காலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால், விழுந்திருப்பதை அள்ளிக்கொண்டு வந்து முறத்தில் புடைத்துக் காம்பு, இலை, எறும்பு எல்லாம் நீக்கணும். அப்புறம் உலர்த்தல். ஒரு படி பூ உலர்ந்தால் உள்ளங்கை அளவுதான் வரும். வெள்ளையாக இருப்பது பழுப்பாகிவிடும், கவலைப்படக் கூடாது. டப்பாவில் போட்டு வைத்தால் அடுத்த பங்குனி வரை ரசத்துக்கு ஆகும், நெய்யில் பொரித்துப் போட்டால் வாசனை பக்கத்து வீட்டுக்குப் போகும்.

உகாதிப் பச்சடியில் ஆறு சுவை என்று எல்லோரும் சொல்வார்கள், வாழ்க்கையில் இன்ப துன்பம் என்று விளக்கமும் கொடுப்பார்கள். அது இருக்கட்டும். எனக்கு அந்தப் பச்சடி ஒரு சரக்கிருப்புப் பட்டியல் மாதிரித் தெரிகிறது. புதுப் புளி மாசி, பங்குனியில்தான் உலுக்குவார்கள். கரும்பு ஆலை ஆடி முடிந்து புது வெல்லம் வந்திருக்கும். மாங்காய் பிஞ்சு விட்டிருக்கும். சித்தூர்ப் பக்கம் மாந்தோப்பு ஜாஸ்தி, கிளிமூக்கு மாங்காய் எங்கள் சந்தைக்கு முதலில் வந்துவிடும். வேம்பு பூத்திருக்கும். பங்குனிக் கடைசியில் வீட்டைச் சுற்றி என்ன இருக்கிறதோ அதைக் கிண்ணத்தில் போட்டால் அதுதான் பச்சடி.

ஆனால் இதில் ஒரு சிக்கல். பச்சடிக்குச் சாமான் தருகிற மரம் சூரியனைப் பார்த்துப் பூக்கிறது. பண்டிகையோ நிலாவைப் பார்த்து வருகிறது. இந்த வருஷம் மார்ச் 19-க்கே உகாதி வந்துவிட்டதால் எங்கள் வேம்பில் அப்போதுதான் மொட்டு. போன வருஷத்து டப்பாவைத்தான் திறக்க வேண்டியிருந்தது. 2024-ல் ஏப்ரல் 9-க்கு உகாதி, அன்றைக்குத் தெருவே தேன் வாசனை. மரத்துக்குத் திதி தெரியாது என்று நான் சொல்ல, "அதுக்குத்தானே காயவெச்சு வெக்கிறது" என்றாள் அவள். அதுவும் சரிதான்.

என் வருஷத்துக்கு வருவோம். சித்திரை ஒண்ணு ஓடாது, ஏப்ரல் 14-ஐ ஒட்டியே நிற்கும். சூரியன் மேஷ ராசியில் நுழைகிற நேரம்தான் கணக்கு. சூரியன் மறைவதற்கு முன்னால் நுழைந்தால் அன்றைக்கே மாதம் பிறக்கும், மறைந்த பிறகு என்றால் மறுநாள். இது தமிழ்நாட்டு விதி. கேரளத்தில் வேறு மாதிரி, பகலை ஐந்தாகப் பிரித்து மூன்று பங்குக்குள் நுழைந்தால்தான் அன்றைக்கு. அதனால்தான் சில வருஷம் மலையாள விஷுவும் நம் வருஷப் பிறப்பும் ஒரு நாள் முன்பின்னாக வரும். நடுவில் 2008-ல் தை ஒண்ணுதான் தமிழ்ப் புத்தாண்டு என்று சட்டம் வந்ததும், 2011-ல் அது திரும்பப் பெறப்பட்டதும் எல்லோருக்கும் நினைவிருக்கும். எங்கள் வீட்டில் அந்த வருஷங்களில் மூன்று பாயசம்.

நிற்கும் என்று சொன்னேனே, அதுவும் முழு உண்மை இல்லை, மெதுவாக நகர்கிறது. பகலும் இரவும் சமமாக இருக்கிற வசந்த நாள் மார்ச் 20, 21. ஒரு காலத்தில், சுமார் ஆயிரத்து எழுநூறு வருஷத்துக்கு முன்னால், சூரியன் மேஷத்தில் நுழைவதும் அந்த நாளும் ஒன்றாக இருந்தன. பூமியின் அச்சு பம்பரம் மாதிரி மெல்லத் தலையாட்டுவதால் நட்சத்திரக் கணக்கும் பருவக் கணக்கும் சுமார் 70 வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் விலகி, இப்போது 24 நாள் இடைவெளி. இதைச் சரிசெய்யத்தான் மேக்நாத் சாகா தலைமையில் ஒரு பஞ்சாங்கச் சீர்திருத்தக் குழு 1952-ல் போட்டார்கள். 1957 மார்ச் 22 முதல் ஒரு தேசியக் காலண்டரும் நடைமுறைக்கு வந்தது. சாதாரண வருஷத்தில் மார்ச் 22, லீப் வருஷத்தில் மார்ச் 21 அதற்குப் புத்தாண்டு. அரசிதழில் தேதிக்குப் பக்கத்தில் சக ஆண்டு என்று இருக்குமே, அதுதான். நாடு முழுக்கச் சட்டப்படி பிறக்கிற அந்தப் புத்தாண்டுக்கு யாராவது பாயசம் வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று பள்ளியில் படித்தோம். திருத்தணிக்காரன் அதைப் படிக்கும்போது சிரிப்பான். டிவியில் "வெயில் சதம் அடித்த ஊர்கள்" பட்டியல் வரும்போது எங்கள் ஊர் பெயர் வேலூருக்குப் பக்கத்தில் தவறாமல் இருக்கும். சென்னையிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறோம். கடற்காற்று சென்னையை மத்தியானமே குளிரவைத்துவிடும், இங்கே வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். சுற்றிலும் பாறைக் குன்று வேறு. அக்கினி நட்சத்திரம் முழுசாக இந்த "இளவேனிலுக்குள்" தான் வருகிறது.

அந்த வெயிலில் ஒரு லாபம் வடாம். ஈரக்காற்று இல்லாததால் கூழ் வடாம் ஒண்ணரை நாளில் சலசல என்று ஆகிவிடும். விடிகாலையில் அரிசிக் கூழைக் கிண்டி, பெருங்காயம், பச்சைமிளகாய் விழுது, எலுமிச்சை எல்லாம் சேர்த்து, சூடு ஆறுவதற்கு முன் அச்சில் பிழியணும். கூழ் கிண்டுவது அவள், மாடிக்குத் தூக்குவது நான், காக்காய் ஓட்டுவதும் நான். சாயங்காலம் வேட்டியைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் தண்ணீர் தெளித்து உரிக்கிற வேலைக்கு மட்டும் எனக்கு இன்னும் அனுமதி கிடைக்கவில்லை. காக்காய்க்குக் கறுப்புக் குடை பயம் என்று சொல்வார்கள். முதல் நாள் பயப்பட்டது. இரண்டாம் நாள் குடை மேலேயே உட்கார்ந்தது.

இனி ஏப்ரல் 1. இது வெறும் ஆபீஸ் தேதி என்று நினைப்போம். இந்தியாவில் நிதியாண்டு ஏப்ரல் 1-ல் தொடங்குவது 1867-லிருந்து. அதற்கு முன் மே 1 முதல் ஏப்ரல் 30 வரை. லண்டன் கணக்கோடு ஒத்துப்போக மாற்றினார்கள். லண்டனில் ஏன் அப்படி? 1751 வரை இங்கிலாந்தில் சட்டப்படி வருஷம் பிறந்தது ஜனவரியில் இல்லை, மார்ச் 25-ல். வசந்த காலத்து நாள்தான். 1752-ல் காலண்டரைத் திருத்தியபோது செப்டம்பர் 2-க்கு அடுத்த நாளை 14 என்று வைத்தார்கள், பதினொரு நாள் காணாமல் போனது. வரி வாங்குகிறவன் பதினொரு நாள் வரியை விடுவானா? வரி வருஷத்தை அத்தனை நாள் தள்ளி ஏப்ரலுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே தனிநபர் வருமான வரிக்கு இன்றும் ஏப்ரல் 6-தான் முதல் நாள். அரசாங்கக் கணக்கு ஏப்ரல் 1 என்று ஒழுங்குக்கு வந்துவிட்டது. ஜனவரிக்கு மாற்றிவிடலாம் என்று 1980-களில் எல்.கே. ஜா கமிட்டி சொன்னதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆக, நான் 36 வருஷம் கண் விழித்துக் கொண்டாடியதும் ஒரு வசந்தப் புத்தாண்டைத்தான்.

எங்கள் ஊருக்கு இந்தத் தேதி ஜாதகத்திலேயே இருக்கிறது. திருத்தணி முதலில் வட ஆற்காடு மாவட்டம். டாக்டர் ராதாகிருஷ்ணன் 1888 செப்டம்பர் 5-ல் இங்கே பிறந்தபோது அப்படித்தான். 1911 ஏப்ரல் 1-ல் சித்தூர் மாவட்டம் என்று புதிதாக ஒன்று பிறந்து நாங்கள் அதில் போனோம். 1953 அக்டோபர் 1-ல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் முழுசாக அந்தப் பக்கம் போயிற்று, திருத்தணியும் சேர்ந்துதான். ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகம் வடக்கெல்லைப் போராட்டம் நடத்தியதும், இந்தப் பக்கத்தில் மங்கலங்கிழார் ஊர் ஊராக நடந்து தமிழ் சொல்லிக்கொடுத்து ஆள் திரட்டியதும் பெரியவர்களுக்குத் தெரியும். எச்.வி. படாஸ்கரை நடுவராக வைத்துப் பேசி, 1959-ல் பாராளுமன்றம் எல்லை மாற்றச் சட்டம் போட்டது. திருத்தணி தாலுக்காவின் பெரும்பகுதி சென்னை மாநிலத்துக்கு வந்தது. பதிலுக்குப் பொன்னேரி, திருவள்ளூர் பக்கத்துக் கிராமங்கள் பல ஆந்திரத்துக்குப் போய்ச் சத்தியவேடு தாலுக்கா ஆயின. நகரி, புத்தூர் அந்தப் பக்கமே நின்றுவிட்டன. என் மாமியார் வீடும் அதனால்தான் வேறு மாநிலம்.

சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் 1960 ஏப்ரல் 1. ஏன் அந்த நாள் என்று ஒரு கருவூலக்காரனைக் கேட்க வேண்டியதில்லை. வருஷ நடுவில் ஒரு தாலுக்காவைப் பிரித்தால் நிலவரி யாருக்கு, வாத்தியார் சம்பளம் யாருக்கு என்று கணக்குத் தீராது. மார்ச் 31 ராத்திரி ஒரு மாநிலம் பேரேட்டை மூடினால், ஏப்ரல் 1 காலை அடுத்த மாநிலம் புதிதாகத் திறக்கலாம்.

அந்த வருஷத்து உகாதி எப்போது என்று பார்த்தேன். மார்ச் 28. அதாவது திருத்தணி மாநிலம் மாறுவதற்கு நாலு நாள் முன்னால் ஊரில் இருந்த தெலுங்கு வீடுகளில் சார்வரி வருஷம் பிறந்துவிட்டது. தமிழ் வீடுகளில் இன்னும் இரண்டு வாரம் விகாரிதான். விகாரிக்காரர்களும் சார்வரிக்காரர்களும் ஒரே தெருவில் இருந்துகொண்டு, ஒரே காலையில், இருந்த இடத்திலிருந்து ஒரு அடி நகராமல் வேறு மாநிலத்தில் எழுந்தார்கள். அப்பா அந்த நாளைப் பற்றிப் பெரிதாக எதுவும் சொன்னதில்லை. "ஆபீஸ் போர்டு மாறிச்சு, அவ்வளவுதான். சந்தை அதே சந்தை" என்பார். ஆனால் அவர் கையெழுத்து போடும்போது தமிழ், கணக்குப் போடும்போது முணுமுணுப்பது தெலுங்கு. கடைசிவரை அப்படித்தான். மனசுக்குள் எண்ணுகிற பாஷையை எந்தச் சட்டமும் ஏப்ரல் 1-ல் மாற்ற முடியவில்லை. சான்றிதழ்களை அலமாரியில் ஒழுங்குபடுத்தினபோது கவனித்தேன் (இதுவும் ஓய்வுக்கால வேலைதான்): அப்பாவுடையதில் சித்தூர் மாவட்டம், என்னுடையதில் செங்கல்பட்டு மாவட்டம், 1997-ல் மாவட்டம் பிரிந்ததால் மகனுடையதில் திருவள்ளூர் மாவட்டம். மூன்று பேரும் பிறந்தது ஒரே வீட்டில். அறுபது வருஷச் சக்கரம் சுற்றி மறுபடி சார்வரி வந்தது 2020 மார்ச் 25-ல். ஊரடங்கு ஆரம்பித்த அதே நாள். அன்றைக்கு நகரிக்குப் போகவே முடியவில்லை, எல்லையில் தடுப்பு. உகாதிப் பச்சடியை மாமியார் செல்போனில்தான் காட்டினார்.

மற்ற வருஷங்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். வருவாய்த்துறைக்கு ஜூலை 1-ல் பசலி ஆண்டு. அக்பர் காலத்து அறுவடைக் கணக்கு அது. சென்னை மாகாணத்தில் முதலில் ஆடி ஒண்ணாம் தேதி பிறந்துகொண்டிருந்ததை 1855-ல் ஜூலை 1 ஆக்கினார்கள். ஜமாபந்திக்கு மனு கொடுக்கப் போகும்போது 1435 என்று ஏதோ எழுதியிருப்பார்களே, அதோடு 590 கூட்டினால் அந்தப் பசலி தொடங்கிய ஆங்கில வருஷம் வரும். இன்னும் பின்னால் போனால், நந்தி ஆற்றுப் பக்கம் இருக்கிற வீரட்டானேசுவரர் கோயிலில் ஒரு கல்வெட்டு. பல்லவ அபராஜிதவர்மனின் பதினெட்டாம் ஆட்சியாண்டில் நம்பி அப்பி என்பவர் கட்டிய கற்றளி, ஒன்பதாம் நூற்றாண்டுக் கடைசி. அங்கே சகமும் இல்லை, சார்வரியும் இல்லை. ராஜா உட்கார்ந்து இத்தனையாவது வருஷம், அவ்வளவுதான். ராஜா போனால் கணக்கு மறுபடி ஒண்ணிலிருந்து.

மலைக்கு மேலே ஆங்கில வருஷம்தான். படிக்கட்டு 365, நாளுக்கு ஒரு படி என்று சொல்வார்கள். டிசம்பர் 31 அன்று ஒவ்வொரு படிக்கும் மஞ்சள், குங்குமம், பூ வைத்துக் கற்பூரம் காட்டித் திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறுவார்கள். வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கிவைத்தது. ஜனவரி 1-ல் எலுமிச்சம்பழத்தோடு வெள்ளைக்கார துரை வீட்டு வாசலில் நிற்பதற்குப் பதிலாக முருகன் வாசலில் நில்லுங்கள் என்று சொன்னாராம். லீப் வருஷத்தின் 366-வது நாளுக்குப் படி இல்லை. இதை நான் ஒரு அர்ச்சகரிடம் கேட்டதற்கு, "அது சாமி சன்னிதியே, மேலே வந்து நில்லுங்க" என்றார். என்னைப் போல் கேள்வி கேட்கிற பென்ஷன்காரர்கள் தினம் நாலு பேர் வருவார்கள் போலிருக்கிறது.

இந்தச் சித்திரையில் எனக்கு ஒரு பரிசோதனை பாக்கி. திருத்தணி பூமத்திய ரேகைக்கு 13 பாகை சொச்சம் வடக்கே இருக்கிறது. வருஷத்தில் இரண்டு நாள் சூரியன் நேர் உச்சிக்கு வரும், ஏப்ரல் 25-ஐ ஒட்டி ஒரு தடவை, ஆகஸ்ட் 17-ஐ ஒட்டி மறு தடவை. நிழலில்லா நாள் என்று பெயர். இந்திய நேரம் கணக்கிடுகிற கோட்டுக்கு நாம் மேற்கே இருப்பதால் உச்சிவேளை 12 மணிக்கு வராது, 12 மணி 10 நிமிஷ வாக்கில்தான். ஒரு குச்சியைத் தூக்குக் குண்டு வைத்துச் செங்குத்தாக நட்டுவிட்டுப் பார்த்தால் நிழல் சுருங்கிச் சுருங்கிக் குச்சிக்குள்ளேயே போய்விடும். ஆகஸ்டில் மேகம் மறைத்துவிடும், ஏப்ரல்தான் சரி. மொட்டை மாடியில் இடம் பார்த்துக் குச்சி, சாக்பீஸ், கடிகாரம் எல்லாம் தயாராக வைத்திருக்கிறேன்.

வீட்டம்மா கடைசி வடாமையும் அன்றைக்குத்தான் பிழியப் போகிறாளாம். நிழலைப் பார்க்கிற ஆளே காக்காயையும் பார்த்துக்கொள்ளட்டும் என்று உத்தரவு வந்திருக்கிறது.